காய்ச்சல் போன பிறகு

அன்புள்ள ஐயா,

நான் செல்லூர்க்காரன். கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு மாதம் முன்பு சிக்குன்குனியா வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, எட்டாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் காலையில் விரல் மடங்குவதே இல்லை. ஒரு மணி நேரத்தில் முடித்த பில்லுக்கு இப்போது மூன்று மணி நேரம் ஆகிறது. "காய்ச்சல்தான் போயிருச்சுல்ல, இன்னும் என்ன?" என்கிறார் முதலாளி. நான் சோம்பேறியாகிவிட்டேனா?

கா.செ., மதுரை

அன்புள்ள கா.செ.,

இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடைசி வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

2006இல் இந்தக் காய்ச்சல் மதுரை வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ஆளைப் படுக்கப் போட்டது. எனக்கும் வந்தது. அப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். சம்பளம் பிடிப்பார்களே என்று பயந்து பத்தாம் நாளே போய் உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்தால் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். கவனமெல்லாம் வலியில். ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத் தேதி தப்பாக இருந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். 500 பத்திரிகையையும் திரும்ப அடித்தார்கள். வருகைப் பதிவேட்டில் அந்த வாரம் முழுக்க என் கையெழுத்து இருக்கிறது. வராத நாளைத்தான் பதிவேடு எண்ணும். வந்து உட்கார்ந்தும் ஓடாத கையை அது அறியாது.

சிக்குன்குனியா என்பது தான்சானியாவின் தென்பகுதியில் பேசும் மகோண்டே மொழிச் சொல். வளைந்து குறுகிப்போவது என்று பொருள். 1952இல் அங்கே நோய் பரவியபோது, மூட்டுவலியில் மக்கள் குனிந்து கிடந்ததைப் பார்த்து வந்த பெயர். விரல், மணிக்கட்டு, கணுக்கால் மூட்டுகளை அதிகம் பிடிக்கும். சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு, ஆண்டு தாண்டியவர்களும் உண்டு. காலையில் விறைப்பு கூடுதல், போகப்போக இளகும்.

அதனால் முதலாளியிடம் இப்படிக் கேளுங்கள்: பதினொரு மணி வரை போன் வசூலும் சரக்குச் சரிபார்ப்பும், பில் அதற்குப் பிறகு. கடை உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டுகிறதா என்றும் பாருங்கள். தகுதி இருந்தால், மருத்துவர் சான்றுடன் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். மூன்று மாதம் தாண்டியும் வலி நிற்காவிட்டால் மூட்டுவாத மருத்துவரிடம் போங்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கி வலி மாத்திரையை நாள்கணக்கில் போடாதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும்.

அப்புறம், எங்கள் தெருவில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் அக்கா ஒருவர் இருந்தார். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூல் சுற்றும் வேலை. முடித்த சேலைக்குத்தான் கூலி. அதே 2006இல் மூன்று மாதம் அவர் விரல் மடங்கவில்லை. விடுப்பும் கிடையாது, ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது. தோட்டை அடகு வைத்தார். வெந்நீர்ச் சட்டியில் கையை விட்டபடி வாசலில் உட்கார்ந்திருப்பார். அவரையும் சோம்பேறி என்றார்கள். என் கையும் வலித்துக்கொண்டிருந்த நேரம், எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை.

முதலாளி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நீளமாக வேண்டாம், விரல் வலிக்கும். இரண்டு வரி போதும்.