வழக்கறிஞர் ஒருவர் எரிசக்தி ஒழுங்குமுறையாளராக வந்து என்ன செய்ய முடியும்?

பொறியாளர்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. கட்டணமும் சந்தை விதிகளும் சட்ட வாசகங்களாகவே பிறக்கின்றன. அமெரிக்காவின் ஜான் வெலிங்ஹாஃப் இதற்கு நல்ல உதாரணம். கணிதம் படித்து, பின்னர் சட்டம் பயின்ற அவர், நெவாடா மாநிலத்தில் மின்நுகர்வோருக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர் பதவியை முதன்முதலில் வகித்தார். 2006இல், ஐவர் கொண்ட கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தில் உறுப்பினரானார். 2009 முதல் 2013 வரை அதன் தலைவராக இருந்தார்.

அவர் காலத்தில் வெளியான ஆணைகளில் 2011ஆம் ஆண்டின் 745ஆம் எண் ஆணையே என் பார்வையில் முக்கியமானது. தேவை உச்சத்தில் இருக்கும்போது மின்நுகர்வைக் குறைத்துக்கொள்பவர்களுக்கும், அது சந்தைக்கு லாபகரமாக அமையுமானால், மின்உற்பத்தியாளர்களுக்குக் கிடைக்கும் அதே மொத்த விற்பனைச் சந்தை விலையைத் தர வேண்டும் என்றது அது. உற்பத்தி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சில்லறை விற்பனை மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று கூறி, 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. ஆனால், மொத்த விற்பனை விலையைப் பாதிக்கும் நடைமுறைகளை ஒழுங்குபடுத்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டென்று கூறி, 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த 745ஆம் எண் ஆணையை நிலைநிறுத்தியது. (அதற்குள் அவர் பதவி விலகிவிட்டார்.) வழக்கு பெரும்பாலும் அதிகார எல்லையைச் சுற்றியே நடந்தது என்பதைக் கவனித்தால், சட்டப் பயிற்சி அங்கு எங்கே கைகொடுக்கிறது என்பது விளங்கும்.