எக்ஸிட் சீல் இல்லை என்று ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பி 2024 மார்ச் 4-ஆம் தேதி விசிட்டில் மலேசியா போய், 30-ஆம் தேதி திருச்சிக்குத் திரும்பினான். பாஸ்போர்ட்டில் கோலாலம்பூர் என்ட்ரி சீல் இருக்கிறது. எக்ஸிட் சீல் இல்லை. இப்போது சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கு ஏற்பாடு நடக்கிறது. "எக்ஸிட் சீல் இல்லையென்றால் ஓவர்ஸ்டே என்று முடிவு கட்டிவிடுவார்கள். 15,000 ரூபாய் கொடுங்கள், சீல் போட்டுத் தருகிறேன்" என்கிறார் ஏஜெண்ட். தயங்கினால், "தொலைந்துவிட்டதாகப் புகார் கொடுத்துப் புதுசு எடுத்துவிடலாம்" என்கிறார். பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கிறது. என்ன செய்வது?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சீல் இல்லாதது உங்கள் தம்பியின் குற்றம் அல்ல. அதைப் போடுவதும் விடுவதும் கவுன்டரில் இருக்கும் அதிகாரியின் வேலை. ஒருவர் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியேறினார் என்பது பாஸ்போர்ட் எண்ணோடும் கைரேகையோடும் கணினியில் பதிவாகிவிடுகிறது. அவர் போகப்போகும் சிங்கப்பூரே 2019 ஏப்ரல் 22 முதல் வெளிநாட்டவருக்கு எக்ஸிட் சீல் போடுவதை நிறுத்திவிட்டது. அங்கே போய்வந்த யாரிடமும் அந்தச் சீலைக் கேட்க முடியாது.

அவர் நாள் தாண்டவில்லை என்பதற்கான சான்று அதே புத்தகத்தில் இருக்கிறது. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் அனுமதி தருகிறது. மார்ச் 4 என்ட்ரி, மார்ச் 30 திருச்சி வருகைச் சீல். 30-ஆம் தேதி திருச்சியில் இறங்கியவர் அதற்குப் பிறகும் மலேசியாவில் இருந்திருக்க முடியாது. அந்த இரண்டு பக்கங்களையும் தெளிவாக ஸ்கேன் செய்து வையுங்கள். டிக்கெட், போர்டிங் பாஸ் கிடைத்தால் சேருங்கள். போர்டிங் பாஸ் போய்விட்டால், டிக்கெட் எண்ணைக் கொடுத்து, அந்த விமானத்தில் பயணம் செய்ததற்கான சான்று கேட்டு விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். திரும்பிய வாரத்தில் ஊர் ஏ.டி.எம்.மில் பணம் எடுத்திருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட்டும் துணைக்கு நிற்கும்.

ஏஜெண்ட் சொல்லும் வழியில் என்ன நடக்கும் என்று பாருங்கள். அவர் டிக்கெட்டைப் பார்த்துத்தான் தேதி குத்துவார். விமானம் நள்ளிரவு 12.30-க்கு என்றால், பயணி இமிக்ரேஷனைத் தாண்டியது முந்தைய நாள் இரவு 10 மணி வாக்கில். மலேசியக் கணினியில் 29 இருக்கும். சீலில் 30 இருக்கும். ஒரு நாள் வித்தியாசம் போதும், அதிகாரி புத்தகத்தை விளக்குக்கு அடியில் வைத்துவிடுவார். சீல் இல்லாத பக்கத்தை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். போலி சீலுக்கு விளக்கம் கிடையாது.

அதன் சட்ட விளைவு கடுமையானது. பாஸ்போர்ட் சட்டம், 1967, பிரிவு 12(1)(பி): அதிகாரம் இல்லாமல் பாஸ்போர்ட்டில் உள்ள பதிவுகளை மாற்றுவதும், மாற்றச் செய்வதும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "மாற்றச் செய்வது" என்ற இடத்தில்தான் உங்கள் தம்பி மாட்டுவார். குத்தியது ஏஜெண்ட் கை என்றாலும் பணம் கொடுத்தது இவர். கூடவே இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336(3), 340(2) பிரிவுகளையும் சேர்ப்பார்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த போலி ஆவணத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம், வெளிநாட்டினர் சட்டத்தின் பிரிவு 22, போலிப் பயண ஆவணத்துக்கு இரண்டு முதல் ஏழு ஆண்டு சிறையும், ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. அசல் பாஸ்போர்ட்டில் விழுந்த போலி சீலுக்கு அந்தப் பிரிவு பொருந்துமா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதம் நடக்கும்போது உங்கள் தம்பி சிங்கப்பூரில் இருக்க மாட்டார்.

திருச்சி விமான நிலையத்தில் பிடிபட்டால் எஃப்.ஐ.ஆர். திருச்சியில் பதிவாகும். நீங்கள் திருவாரூர் மாவட்டமாக இருந்தாலும், அதை ரத்து செய்யக் கேட்கும் மனு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும். வழக்கு நிலுவையில் இருப்பதையே காரணமாக வைத்து பாஸ்போர்ட் சட்டத்தின் பிரிவு 10(3)(இ)-யின் கீழ் பாஸ்போர்ட்டை முடக்கலாம். பிறகு வெளிநாடு போக, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

"தொலைந்துவிட்டது" என்ற யோசனை இன்னொரு குழி. டெல்டா ஊர்களில் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்கும்போதே வயிறு எரிகிறது. புத்தகம் ஏஜெண்ட் மேஜையில் இருக்கும்போது காணவில்லை என்று எழுதிக் கொடுப்பது பொய்ப் புகார். அதை வைத்து விண்ணப்பித்தால் மறுபடியும் அதே பிரிவு 12(1)(பி). பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் கேட்பதும் அதில்தான் வருகிறது. புதுப் புத்தகத்தால் பழைய பயணப் பதிவும் அழியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, திருச்சி வருகைச் சீல் என்ற நல்ல சான்றை நீங்களே கைவிட்டதாகிவிடும்.

திரும்ப வாங்குவது எப்படி? பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்கிறது பாஸ்போர்ட் சட்டத்தின் பிரிவு 17. போலீஸ்கூட அதைக் கைப்பற்றலாமே தவிர, முடக்கி (தன்னிடமே நிறுத்தி) வைக்க முடியாது. முடக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கே என்று சுரேஷ் நந்தா வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏஜெண்டுக்கு என்ன உரிமை? எண்ணைக் குறிப்பிட்டு, மூன்று நாள் கெடு வைத்து, "எந்தப் பக்கத்திலும் எதுவும் செய்ய நான் சம்மதிக்கவில்லை" என்ற வரியோடு ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்று கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். சீல் போடுவது பற்றி அவர் அனுப்பிய குரல் செய்திகளை அழிக்காதீர்கள். தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார். அங்கே வாங்க மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன்படி திருவாரூர் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அந்த ஏஜெண்டுக்கு மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவில்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே குற்றம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்.

சிங்கப்பூர் விண்ணப்பத்தில், எந்த நாட்டிலாவது அனுமதி மறுக்கப்பட்டதா, நாடு கடத்தப்பட்டீர்களா, தண்டனை உண்டா என்பது போன்ற கேள்விகள் வரும். நீங்கள் எழுதியபடி என்றால் பதில் "இல்லை". உண்மையில் ஏதாவது நடந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். படிவத்தைத் தம்பியே வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போடட்டும்.

புத்தகம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பக்க எண் தொடர்ச்சி, துளையிட்ட பாஸ்போர்ட் எண், தையல், புது மை. எல்லாம் சரியாக இருந்தால் அப்படியே பயணம் செய்யலாம். ஏற்கெனவே சீல் குத்தியிருந்தால் அழிக்கவோ பக்கத்தைக் கிழிக்கவோ கூடாது. அந்தப் புத்தகத்தோடு விமான நிலையத்துக்கும் போகக் கூடாது. உடனே ஒரு வழக்கறிஞரை வைத்து ஏஜெண்ட் மேல் புகார் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா மையத்தில் உண்மையைச் சொல்லி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். சேதமானதற்கு மாற்றாக 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 3,000 ரூபாய். விளக்கம் கேட்பார்கள், அபராதமும் வரலாம், நாளும் ஆகும். சிங்கப்பூர் முதலாளியிடம் அவகாசம் கேட்டு வையுங்கள். பழைய புத்தகத்தை ரத்து செய்து திருப்பித் தந்தால் பத்திரப்படுத்துங்கள். மலேசிய என்ட்ரியும் திருச்சி வருகையும் அதில்தான் இருக்கின்றன.