சாவி யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள அக்கா,

கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அரசுப் பள்ளி மைதானத்தில் 7 பேருடன் தொடங்கினோம். இன்று 34 பேர் வருகிறார்கள். சென்ற மாதப் போட்டியில் முதல் பாதியில் ஒரு கோல் முன்னிலையில் இருந்துவிட்டு, இரண்டாம் பாதியில் நான்கு கோல் வாங்கித் தோற்றோம். ஏன் ஓட முடியவில்லை என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சார்" என்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த உடல்வலு இல்லையோ என்று தோன்றுகிறது. அணியை ஒரு பெரிய அகாடமியோடு இணைத்துவிடலாமா? அரைக்கால் சட்டையைப் பற்றி ஊரில் பேசுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

ஏழு பேர் 34 பேரானதை ஒற்றை வரியில் கடந்துவிட்டீர்கள். நானாக இருந்தால் அதைப் பற்றியே நான்கு பக்கம் எழுதியிருப்பேன். அரைக்கால் சட்டைக்குப் பதிலே சொல்லாதீர்கள். பேசுகிறவர்களுக்கு அடுத்த மாதம் வேறு பேச்சு கிடைத்துவிடும். ஆனால் உடல்வலு இல்லை என்று இனி எழுதாதீர்கள். 2018-இல் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய மகளிர் கோப்பையை முதன்முறையாகக் கொண்டுவந்தவர்களும், 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று அதை மீண்டும் எடுத்தவர்களும் தமிழ்நாட்டுப் பெண்கள்தான். இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் உங்கள் கடலூர்க்காரர். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மைதானம், அரைக்கால் சட்டை, அகாடமி எல்லாம் அதில் இருக்கின்றன. கழிப்பறை என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. என் தங்கை மகள் பயிற்சிக்கு எடுத்துச் செல்லும் தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே வீடு திரும்புவதைச் சில வாரங்களாகக் கவனித்து வருவதால், அந்த இல்லாமை உடனே கண்ணில் பட்டது.

1984-இல் நான் பள்ளியின் கோ-கோ அணியில் இருந்தேன். வட்டாரப் போட்டி ஓர் ஆண்கள் பள்ளியில் நடந்தது. அங்கே நாங்கள் ஒதுங்க இடம் இருக்காது என்பதைப் போன ஆண்டு சென்று வந்த அக்காக்கள் முன்பே சொல்லியிருந்ததால், விடிந்ததிலிருந்து ஒருத்தியும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் கண் இருட்டிக் கம்பத்தருகே விழுந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்த டிரில் மாஸ்டர், "காலையில் சாப்பிடவில்லையா?" என்று கேட்டார். நான்கு இட்லி சாப்பிட்டிருந்த நான், "இல்லை சார்" என்றேன். நல்ல மனிதர், தன் காசில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். அந்த டீயையும் பாதியிலேயே வைத்துவிட்டேன். உங்கள் பிள்ளைகள் சொல்லும் "ஒண்ணுமில்ல சார்" இதுவாக இருக்கலாம் என்று உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

45 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை 900 மில்லி நீரை வியர்வையில் இழந்தால், அது அவள் எடையில் நூற்றுக்கு 2 பங்கு. ஓட்டம் தளர அதுவே போதும். உங்கள் பிள்ளைகளோ களத்தில் இறங்கும்போதே தாகத்தோடு இறங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவைத்து ஸ்டாமினாவைக் கூட்டப் போகிறீர்களா? வருகைப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் மாதந்தோறும் மூன்று நாள் "காய்ச்சல்" வருகிறவர்கள் எத்தனை பேர்? புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கிடைக்கிறது. அதை மாற்ற ஒரு கதவு வேண்டாமா?

பள்ளியில் கழிப்பறை நிச்சயம் இருக்கும். ஆனால் நீங்கள் பயிற்சி கொடுக்கும் விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அது பூட்டியிருக்கும். தலைமையாசிரியரைப் பார்த்து ஒரு சாவி கேளுங்கள். அந்தச் சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் வந்து கேட்பதைவிடத் தாகத்தோடு ஆடுவதே மேல் என்று நினைப்பார்கள். அணியில் மூத்தவளிடம் கொடுங்கள். வாளியும் தண்ணீரும் இருக்கிறதா என்பதை மட்டும் நீங்கள் பாருங்கள். வெளியூர்ப் போட்டி என்றால், எந்த ஊர் என்று கேட்டவுடன் கழிப்பறை உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்; கூட ஒரு தாயாரை அழைத்துச் செல்லுங்கள்.

அகாடமியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாவி கிடைத்ததும் எழுதுங்கள், அதைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அக்கா