பாஹின் ஒரே ஒரு படைப்பைக் கேட்பதென்றால் எதைக் கேட்கலாம்?

ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாஹின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், 1741இல் அச்சான 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' என்பதையே சொல்வேன். வேரியேஷன் என்பது ஓர் இசைப்பகுதியின் அடித்தளத்தை வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய வடிவங்களைக் கட்டுவது. இதில் முதலில் 'ஆரியா' என்னும் நிதானமான இசைப்பகுதி ஒலிக்கிறது; அடுத்து வரும் 30 பகுதிகளும் பற்றிக்கொள்வது அதன் மெட்டை அன்று, அதற்கு அடியில் நகரும் கீழ்ச்சுரங்களின் போக்கை. ஒரே புள்ளி வரிசையின்மேல் வெவ்வேறு கோலங்கள் இடுவதைப் போன்றது இது.

நடனத்தின் துள்ளல், 25ஆம் பகுதியின் ஆழ்ந்த துயரம், ஓர் இசை இழை ஒலித்ததை மற்றோர் இழை சற்றுப் பின்னால் வந்து பின்பற்றும் ஒன்பது 'கேனன்' பகுதிகள் என்று பாஹின் பல முகங்களும் ஒரே படைப்பில் கூடுவதே இத்தேர்வுக்குக் காரணம். கிறித்தவ வழிபாட்டு வரிகளுக்கு பாஹ் இசையமைத்த 'பி மைனர் மாஸ்' இதைவிடப் பெரியது என்போரை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்த அதைவிட, ஒற்றை இசைக்கருவியைப் பின்தொடர்வது புதியவருக்கு எளிது. கனடியப் பியானோ கலைஞர் கிளென் கூல்டின் 1955, 1981 பியானோப் பதிவுகள் இரண்டும் நல்ல தொடக்கங்கள்.

தூக்கம் வராத பிரபு ஒருவருக்காக இது எழுதப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படும் கதை, பாஹ் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின் 1802இல் வெளியான வாழ்க்கை வரலாற்றிலிருந்து வந்தது; 1741 பதிப்பில் அப்பிரபுவுக்கான சமர்ப்பணம் எதுவும் இல்லை.