போர்க்கால அட்டைப்படங்களில் பெண்கள்: தென்னாப்பிரிக்க ஊர்களிலிருந்து வாசகர் கேட்ட கேள்விகளும் பதிலும்

சாட்ஸ்வர்த்: அக்கா, மகளுக்குப் பள்ளி ப்ராஜெக்ட். புள்ளிபோட்ட சிவப்புத் தலைத்துணியோடு கையை மடக்கிக் காட்டுபவள்தானே, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஆலைப் பெண்களின் அடையாளமான ரோஸி?

அது வேறு படம்மா. ஜே. ஹோவர்ட் மில்லர் வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலைகளுக்காக வரைந்த சுவரொட்டி. 1943 பிப்ரவரியில் இரண்டு வாரம் ஆலைச் சுவரில் இருந்தது, அவ்வளவுதான். 1980களில்தான் ஊரெல்லாம் பரவியது.

பத்திரிகையில் வந்த ரோஸியை வரைந்தவர் நார்மன் ராக்வெல். 1943 மே 29 தேதியிட்ட சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் என்ற அமெரிக்க இதழின் அட்டை. மகளைப் பெரிய பிரதியில் பார்க்கச் சொல்லுங்கள். மடியில் ரிவெட் துப்பாக்கி (உலோகத் தகடுகளை இணைக்கும் கருவி), பெயர் எழுதிய சாப்பாட்டு டப்பா, காலடியில் ஹிட்லரின் புத்தகம். பாக்கெட்டில் லேஸ் கைக்குட்டையும் பவுடர் டப்பாவும் எட்டிப் பார்க்கும். 'தோள் அகன்றாலும் இவள் பெண்தான்' என்று வாசகருக்குச் சொல்லும் ஏற்பாடு அது. உட்கார்ந்திருக்கும் விதம் மைக்கலாஞ்சலோ வரைந்த பைபிள் தீர்க்கதரிசி ஏசாயாவின் ஓவியத்திலிருந்து எடுத்தது. மாடலாக இருந்த மேரி டாய்ல் 19 வயது டெலிபோன் ஆபரேட்டர், ஒல்லியான பெண். அந்தப் புஜமெல்லாம் ராக்வெல் சேர்த்தது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: இரண்டு உலகப் போர்ப் படங்களையும் எப்படி ஒப்பிடுவது?

முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள் தம்பி. முதல் போரின்போது, 1917இல், அமெரிக்க ஓவியர் கிறிஸ்டி வரைந்த கடற்படைச் சுவரொட்டியில் பெண் மாலுமி உடுப்பில் நிற்கிறாள், 'நான் ஆணாக இருந்தால் சேர்ந்திருப்பேன்' என்கிறாள். வேலை என்று எதுவும் அவள் கையில் இல்லை. 1943இல் கை நிறையக் கருவிகள். அது தற்செயல் இல்லை. அமெரிக்க அரசின் போர்ச் செய்தி அலுவலகம் அந்தச் செப்டம்பரில் வேலைசெய்யும் பெண்களை அட்டையில் போடும்படி பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது. அதனால் ஒரே மாத அட்டைகளை மட்டும் வைத்து முடிவு கட்டினால் தவறிவிடும். 1942 முதல் 1946 வரை வரிசையாக அடுக்குங்கள், உள்ளே வரும் விளம்பரங்களையும் சேர்த்து. 1945 மே 26 சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழின் அட்டையில் சிப்பாய் வீடு திரும்புகிறான்; அம்மா கைவிரித்து வரவேற்கிறாள், இளம்பெண் சுவரோரம் ஒதுங்கிக் காத்திருக்கிறாள். பெண்கள் கையில் கருவி எதுவும் இல்லை. இரண்டே ஆண்டு இடைவெளி!

லெனேசியா: நம் பெண்களை எங்குமே காணோமே?

வேதனையான உண்மை அம்மா. தென்னாப்பிரிக்காவில் இந்திய ஆண்களுக்கே ஆயுதம் தரவில்லை. ஓட்டுநராகவும் ஸ்ட்ரெச்சர் தூக்கவும்தான் சேர்த்தார்கள். அமெரிக்க ஆலைகளில் கறுப்பினப் பெண்கள் உழைத்தும் பெரிய பத்திரிகைகளின் அட்டைகள் பெரும்பாலும் வெள்ளை முகங்களைத்தான் காட்டின. சீருடையில் தமிழ்ப் பெண்களைத் தேடினால் 1943இல் சிங்கப்பூரில் தொடங்கிய, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் புகைப்படங்களைப் பாருங்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அதில் நிறையப் பேர்.

ஃபீனிக்ஸ்: பழைய போஸ்ட் இதழ் ஒன்று கிடைத்தது. அசலா? டர்பன் ஈரத்தில் எப்படிக் காப்பது?

10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். அசலில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும். இன்க்ஜெட் நகலில் சிதறிக் கிடக்கும். பழைய அச்சு மறுபதிப்பிலும் வரிசை தெரியும், அதனால் அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள்: வெறுமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். லேமினேட் செய்யவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. அமிலமில்லாத அட்டையோடு பாலியெஸ்டர் உறையில் போட்டு ஒரு பக்கம் திறந்தே விடுங்கள். முழுக்க மூடினால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். ஸ்டேப்பிள் துருப்பிடித்திருந்தால் இழுக்காதீர்கள், துருவோடு தாளும் கிழிந்து வரும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள்.