போஸ்டிங் எந்த மருத்துவமனையில்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூன்றாம் ஆண்டு போஸ்டிங்குக்கு, அதாவது மருத்துவமனைப் பயிற்சிக்கு, எங்களை ஐந்து மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பப் போகிறார்கள். விருப்ப வரிசை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பெரிய மருத்துவமனைதான் வேண்டும். ஆனால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், அதனால் இரண்டாவதாகப் பிடித்ததை முதலில் போடு என்கிறார்கள் சீனியர்கள். என்ன செய்யட்டும்? (மருத்துவ மாணவி)

பதில்: சீனியர்கள் சொல்வது சரியா தப்பா என்பது உங்கள் கல்லூரி எப்படிப் பிரிக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் படிவத்தை நிரப்பாதீர்கள்.

குலுக்கல் முறை என்றால் எல்லார் பெயரையும் குலுக்கி ஒரு வரிசை போடுவார்கள். முதலில் வந்தவருக்கு அவர் கேட்ட இடம், அடுத்தவருக்கு மீதியிருப்பதில் அவர் பட்டியலில் மேலே உள்ள இடம், இப்படியே கடைசி ஆள் வரை போகும். இதில் மனசில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். மாற்றி எழுதினால் நஷ்டம் உங்களுக்குத்தான், ஏனென்றால் உங்கள் முறை வரும்போது பெரிய மருத்துவமனையில் இடம் மிச்சம் இருந்தாலும், நீங்கள் முதலில் எழுதிய இன்னொன்றைத்தான் கொடுப்பார்கள். இடம் இல்லையென்றால் தானாகவே அடுத்த விருப்பத்தைப் பார்ப்பார்கள். பெரியதைக் கேட்டதால் எதுவும் குறைந்துவிடாது.

இன்னொரு முறையும் இருக்கிறது. எல்லாருடைய முதல் விருப்பத்தை மட்டும் பார்த்து இடங்களை நிரப்பிவிட்டு, அப்புறம்தான் இரண்டாவது விருப்பத்துக்கே வருவார்கள். 'இத்தனை பேருக்குக் கேட்ட இடமே கிடைத்தது' என்று கல்லூரி சொல்லிக்கொள்ள வசதி. இங்கே சீனியர்களின் பயம் நியாயமானது: பெரியது கைவிட்டுப் போகும்போது, உங்கள் இரண்டாவது இடத்தையும் அதை முதலில் எழுதியவர்கள் பிடித்திருப்பார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பள்ளிச் சேர்க்கைக்கு இந்த முறைதான் இருந்தது. விவரம் தெரிந்த பெற்றோர் கணக்குப் போட்டு எழுதினார்கள், தெரியாதவர்கள் உள்ளதை எழுதி ஏமாந்தார்கள். ஆல்வின் ராத் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் எடுத்துச் சொல்லி, 2005-ல் அதைக் கைவிட்டார்கள். அங்கே மருத்துவம் முடித்தவர்களுக்குப் பயிற்சி இடம் ஒதுக்கும் முறையை 1990-களில் திருத்தி அமைத்ததிலும் முக்கியப் பங்கு ராத்துடையது. 2012-ல் லாயிட் ஷாப்லியோடு நோபல் பரிசும் பெற்றார். உங்கள் கல்லூரி இன்னும் அந்தப் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருந்தால், மாணவர் பிரதிநிதிகள் மூலம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். படிப்பு விஷயத்தில் பிள்ளைகளைச் சூதாட வைப்பது அநியாயம்.

கேள்வி: என் மகளுக்குத் தொலைவில் ஒரு சின்ன மருத்துவமனை விழுந்திருக்கிறது. தோழிகள் எல்லாருக்கும் பெரிய இடம். அவள் படிப்பு வீணாகிவிடுமா? நான் கல்லூரியில் போய்ப் பேசலாமா? (ஒரு தந்தை)

பதில்: வீணாகாது. பெரிய மருத்துவமனையில் காலை ரவுண்ட்ஸ் எப்படி நடக்கும் என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். பேராசிரியர், அவருக்குப் பின்னால் உதவிப் பேராசிரியர்கள், அப்புறம் முதுநிலை மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், எல்லாருக்கும் பின்னால் உங்கள் மகள். நோயாளியின் முகம்கூடத் தெரியாது, முன்னால் நிற்பவரின் கோட்டு முதுகுதான் தெரியும். சின்ன இடத்தில் அந்த நடுவாட்கள் கிடையாது. மூச்சுத்திணறலோடு வருபவரிடம் முதலில் பேசி, நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டு, கேஸ் ஷீட் எழுதி, மருத்துவர் வந்ததும் 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று சொல்லும் வாய்ப்பு அவளுக்கே கிடைக்கும். அரிய நோய்கள் அங்கே குறைவுதான், அது உண்மை. ஆனால் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997-லிருந்து சில மாணவர்களை ஒரு முழு ஆண்டு கிராமப்புற மருத்துவர்களிடம் படிக்க அனுப்புகிறது. 2004-ல் வெளிவந்த ஆய்வில் அவர்கள் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் படித்தவர்களைவிடத் தேர்வில் நன்றாகவே செய்திருந்தார்கள்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடம் என்றால், பெரியதானாலும் சின்னதானாலும் பயனில்லை. போய் இரண்டு வாரம் ஆனதும் கேளுங்கள்: நீ நோயாளியைப் பரிசோதிப்பதை யாராவது பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தினார்களா? இல்லை என்றால் அவளே தேதியோடு எழுதிக் கல்லூரிக்குத் தரட்டும். நீங்கள் போய்ப் பேசுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம். உடல்நலக் காரணமோ, வீட்டில் கவனிக்க வேண்டிய குழந்தையோ இருந்தால் மட்டும் குலுக்கலுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். முடிந்தபிறகு மாற்றுவது கஷ்டம்.

கேள்வி: ஒதுக்கீடு முடிந்தபின் நண்பனோடு இடத்தை மாற்றிக்கொள்ளலாமா? (இறுதியாண்டு மாணவர்)

பதில்: அலுவலகத்துக்குத் தெரிந்து மாற்றிக்கொள்ளலாம், உங்களுக்குள் பேசி முடித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள். கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் ஒப்பந்தம் இருக்கும், வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலும் தடுப்பூசி விவரமும் முன்பே போயிருக்கும். பட்டியலில் இல்லாதவருக்கு வேலையின்போது தவறுதலாகக் கையில் ஊசி குத்திக் காயம் பட்டுவிட்டால் பொறுப்பேற்க யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் கொடுங்கள், எழுத்தில் அனுமதி வந்த பிறகு கிளம்புங்கள்.