கிலோவுக்கு எவ்வளவு? – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் பண்ணைக்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். வயது 31. சம்பளம் மாதம் 11,000. எங்கள் தாத்தா மலைக்கும் அடிவாரத்துக்கும் பொதிக்குதிரை ஓட்டியவர். அந்த மனிதர்களையும் அவர்கள் நடந்த பாதைகளையும் வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளகவி மாதிரி மலை ஊர்களுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேச வேண்டும், ஆறு மாதம் பள்ளிக்கு விடுப்புப் போட வேண்டும். எழுத்தாளர்களுக்கு நல்கை, பெல்லோஷிப், ரெசிடென்சி என்றெல்லாம் இருக்கிறதாமே, அவற்றை எங்கே தேடுவது? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. இப்படிக் கேட்பது பிச்சை எடுப்பது மாதிரி என்கிறார் வீட்டுக்காரர். அப்படித்தானா? கொடைக்கானல் பக்கம் அமைதியாக உட்கார்ந்து எழுத இடம் ஏதாவது தெரியுமா?

நான் போட்ட செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். பையனை மாமியார் பார்த்துக்கொள்வார், அதனால் அந்தச் செலவு இல்லை. என் உழைப்புக்கும் எதுவும் கேட்கவில்லை. அது என் சமர்ப்பணம்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

அக்கா என்று எழுதிவிட்டாய், நானும் ஒருமையிலேயே எழுதுகிறேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணக்கை நாலு முறை. பேருந்து, ஜீப் 6,000. குதிரைக்காரருக்கும் வழிகாட்டிக்கும் 4,500. ஒலிப்பதிவுக் கருவி 7,000. புத்தகம், நகல் 3,500. தட்டச்சு 5,000. ஆக 26,000. கூட்டல் சரியாக இருக்கிறது. கூட்டல் மட்டும்தான்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூர் போனால் பயணப்படி வாங்குவாரா மாட்டாரா? கேட்டுப் பார். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பிச்சைப் பேச்சும் முடிந்துவிடும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதே. பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இருக்கிறது, 1995-லிருந்து நல்கை, அதாவது கலை வேலைக்கான பண உதவி, கொடுக்கிறார்கள். எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பம் எழுதலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். தமிழில் எழுது. உன் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த 'சமர்ப்பணம்' ஒன்றைத் தவிர. அதற்கு வருகிறேன்.

மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் இரண்டு வருட பெல்லோஷிப் தருகிறது. 25-லிருந்து 40 வயது வரை இளையோர் பிரிவு, மாதம் 10,000. அதற்கு மேல் மூத்தோர் பிரிவு, மாதம் 20,000. ஆனால் கவனி: கதை எழுதவோ சுயசரிதை எழுதவோ இந்தப் பணம் இல்லை என்று விதியிலேயே போட்டிருக்கிறார்கள். 'நாவல் எழுதப்போகிறேன்' என்று அனுப்பினால் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். பொதிக்குதிரைப் பாதைகளையும் அந்தத் தொழிலையும் பற்றிய ஆய்வு என்றால் கேட்கலாம். அப்படிக் கேட்டால் ஆய்வை உண்மையாகவே செய்ய வேண்டும், ஏமாற்றக் கூடாது. நாவலுக்கு எப்படியும் அந்த ஆய்வு தேவைதானே? நியூ இந்தியா ஃபவுண்டேஷன் தொகை பெரிது, ஆனால் கதையல்லாத எழுத்துக்கு மட்டும். உனக்கு ஆகாது. சங்கம் ஹவுஸ் எழுத்தாளர்கள் தங்கி எழுதுகிற ரெசிடென்சி, 2008-ல் தொடங்கியது, இந்திய மொழிகளில் எழுதுகிறவர்களையும் கூப்பிட்டுத் தங்கவைத்திருக்கிறார்கள். இந்த வருடம் அழைப்பு உண்டா என்று பார்த்துக்கொள். அயோவா, அது இது என்று வெளிநாட்டுப் பெயர்கள் நிறைய காதில் விழும். முதல் நாவலை முடி, அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்று. தங்குவதற்கு உன்னிடமே பணம் கேட்டால் அது ரெசிடென்சி இல்லை, லாட்ஜ். நம் மலையில் இப்போது இவை நன்றாக முளைக்கின்றன. ஒரு பைன் மரம், ஒரு மரநாற்காலி, 'படைப்பாளிகளின் புகலிடம்' என்று ஒரு பலகை, ஓர் இரவுக்கு உன் சம்பளத்தில் பாதி. விண்ணப்பம் போடுவதற்கே கட்டணம் கேட்கிறவர்களிடமும், எழுதி முடித்ததன் உரிமையை எழுதி வாங்குகிறவர்களிடமும் போகாதே.

பட்டியல் எங்கே கிடைக்கும் என்று கேட்டாய். நீ தமிழ் டீச்சர், உனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசில் வாங்கித் திரும்புகிறவன், எதிரே பசியோடு வருகிறவனுக்கு வழி சொல்வது. எந்த வள்ளல், எந்தப் பாதை, வழியில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரைக்கும் சொல்வான். இன்றைக்கும் நல்ல பட்டியல் அதுதான், முன்பே வாங்கியவர் வாய். ஆனால் நம் ஆட்கள் வாயைத் திறப்பதில்லை. கடைசித் தேதி முடிந்த மறுநாள் 'அடடா, நீங்க போட்டிருக்கலாமே' என்பார்கள். விடாமல் கேள். தொந்தரவு செய்து கேள்.

சரி. இப்போது கணக்குக்கு வருகிறேன். எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

போன மாதம் ஒரு தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருந்தேன், எந்தக் குழு என்பது வேண்டாம். தமிழில் வந்த விண்ணப்பங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். பெரும்பாலானவற்றில் ஜீப்புக்குக் காசு உண்டு, கேமராவுக்கு உண்டு, புத்தக வெளியீட்டு விழாவில் டீ, வடைக்குக் கூட உண்டு. எழுதுகிறவர் அத்தனை மாதம் என்ன சாப்பிடுவார் என்று ஒரு வரி இல்லை. சிலர் பெருமையாக 'ஊதியம் வேண்டாம்' என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள். ஊருக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், உன் கடிதம் வந்தது. அதனால் உனக்குக் கிடைக்கும் திட்டில் பாதி மற்றவர்களுடையது, பொறுத்துக்கொள்.

நானும் இதையே செய்தவள்தான். 1996-ல். கல்லூரித் தோழி ஒருத்திக்குப் பெரும்பாறைக்குக் கீழே கொஞ்சம் காபித் தோட்டம் இருந்தது. டிசம்பர் மாதம் முழுக்க அங்கே வந்து தங்கி எழுது என்றாள். அப்போது ரெசிடென்சி என்ற சொல் எனக்குத் தெரியாது. வத்தலக்குண்டில் பஸ் ஏறி, சித்தரேவு தாண்டி, வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பழம் எடுக்கிற பருவம். காலையில் பனி விலகுவதற்கு முன்பே பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு செடிகளுக்குள் போய்விடுவார்கள். சாயங்காலம் களத்தில் கொண்டுவந்து கொட்டி எடை போடுவார்கள். அவர்களில் ஓர் அம்மாள், பகலில் பழம் எடுத்துவிட்டு இரவில் வந்து எனக்குச் சமைத்துப் போடுவார். ஐம்பது வயது இருக்கும்.

ஒரு நாள் எடை போடும்போது மேஸ்திரியோடு சண்டை வந்துவிட்டது. அரைக்கிலோ குறைத்து எழுதிவிட்டார் என்று இந்த அம்மாள் நகராமல் நின்றுவிட்டார். இருட்டிவிட்டது, மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், குளிரில் பல் கிட்டுகிறது. அரைக்கிலோ ஏறுகிற வரைக்கும் அவர் அசையவில்லை. அப்புறம் வந்து அடுப்பைப் பற்றவைத்து, ஒன்றும் நடக்காதது போல எனக்கு ரசம் வைத்தார்.

சாப்பிடும்போது கேட்டார்: "ராத்திரி பகலா எழுதுறியே தாயி, உனக்குக் கிலோவுக்கு எவ்வளவு?"

சிரித்தேன். புத்தகமாக வந்தால் கொடுப்பார்கள் என்றேன்.

"வந்தாத்தான? அதுவரைக்கும் அரிசி?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதே மாதம்தான், அந்த வீட்டிலேயே உட்கார்ந்து, ஒரு நிறுவனத்துக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் எழுதினேன். அத்தனையும் கேட்டுவிட்டு, ஊதியம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. என் தியாக உணர்வைப் பாராட்டி ஒரு வரி. அடுத்த வரியில் பயணச் செலவையும் பாதியாக்கியிருந்தார்கள். தனக்கே ஒன்றும் வேண்டாம் என்கிறவளுக்குப் பஸ் எதற்கு, நடந்தே போய்விடுவாள் என்று நினைத்திருப்பார்கள் போல. வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் எழுதி, அந்தப் புத்தகத்தை முடிக்க இன்னும் நாலு வருடம் ஆனது.

இதைப் பல மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மேடையில் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த மாதம் முழுக்க எனக்குச் சமைத்த அம்மாளுக்கு யார் கூலி கொடுத்தது? தோட்டத்துக்குச் சொந்தக்காரியான தோழி கொடுப்பாள் என்று நான் நினைத்தேன். நான் கொடுத்திருப்பேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஏழெட்டு வருடம் கழித்து வேறேதோ பேச்சில் இது வெளியே வந்தது. விசாரித்தோம். அவர் மகனோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், கண்டுபிடிக்க முடியவில்லை. அரைக்கிலோவை விடாத மனுஷி, முப்பது நாள் சமையலுக்கு என்னிடம் வாய் திறந்து கேட்கவில்லை. நானும் எடை போடவில்லை.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் மெக்டவல் என்று ஒரு பழைய ரெசிடென்சி இருக்கிறது, 1907-ல் தொடங்கியது. அங்கே மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து, எழுதுகிற குடிலின் வாசலில் ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போவார்கள். கதவைக்கூடத் தட்ட மாட்டார்கள். இதைச் சொன்னால் நம் எழுத்தாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'ஆகா, என்ன அமைதி' என்பார்கள். எனக்கு அந்தக் கூடைதான் கண்ணில் நிற்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு அங்கே சம்பளம் உண்டு. இடத்தை நடத்துகிறவர் கணக்கில் அது ஒரு செலவு. உன் கூடையைச் சுமக்கப்போவது உன் மாமியார். 'அந்தச் செலவு இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே!

நீயும் நானும் இருப்பது பேகன் மலை. பழனிக்குப் பழைய பெயர் பொதினி. மயிலுக்குக் குளிருமே என்று போர்வை கொடுத்தான் என்று வகுப்பில் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறாய்? அதே பேகன் தன் மனைவியைத் தனியே விட்டுவிட்டு வேறொருத்தி வீட்டில் இருந்ததைச் சொல்லிக்கொடுத்தாயா? அந்த மனைவி பெயரும் கண்ணகிதான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு பேர் அவனிடம் போய்ப் பாடியிருக்கிறார்கள். பரணர் பாட்டு புறநானூற்றில் 145. பசித்து வரவில்லை, எங்களுக்குக் குடும்பப் பாரமும் இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர், அதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்கிறார். மயிலுக்குப் போட்ட போர்வையைப் புகழ்ந்துவிட்டுத்தான் அந்தப் பாட்டே தொடங்குகிறது. எவ்வளவு நாசூக்கான குத்து பார். ஊர் பார்க்கிற இடத்தில் கொடுக்கிற கைக்கு வீட்டுக்குள் இருக்கிறவள் தெரியவில்லை. உன் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது, ம. குதிரைக்கு எழுதியிருக்கிறாய். மாமியாருக்கு இல்லை, உனக்கும் இல்லை.

மறுபடி கணக்குப் போடு. ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு, மாதம் 11,000, ஆக 66,000. அது உன் ஊதியம். அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம், குறைத்துக் கேட்காதே. மாமியாருக்கு மாதம் 3,000 என்று வை, 18,000. 'குழந்தைப் பராமரிப்பு' என்று எழுது, வெட்கப்படாதே. பழைய 26,000 இருக்கிறது. மொத்தம் 1,10,000. எல்லா இடத்திலும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எதற்குத் தருவார்கள், எதற்கு மாட்டார்கள் என்று அவரவர் விதியில் இருக்கும், படித்துவிட்டு எழுது. வெட்டுவதாக இருந்தால் அவர்கள் வெட்டட்டும், அது அவர்கள் வேலை. அந்தக் கத்திரியை நீ ஏன் கையில் எடுக்கிறாய்? மாதம் 10,000 தருகிற அந்த பெல்லோஷிப் உன் சம்பளத்தைவிட ஆயிரம் குறைவு என்பதையும் பார்த்துக்கொள். அது கிடைத்தால் வேலையை விடலாமா, விடுப்பு மட்டும் போடலாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசு. மாமியாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசு.

அப்புறம் அந்தக் குதிரைக்காரர். 4,500 என்று குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறாய், எத்தனை நாளுக்கு என்று இல்லை. இன்று வெள்ளகவிக்கு ஒரு நடைக்கு என்ன கூலி என்று அவரிடமே கேட்டு எழுது. உன் தாத்தா இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

புதுக் கணக்கை அனுப்பு, பார்க்கிறேன். நாவலில் இருந்தும் பத்துப் பக்கம் அனுப்பு. கடிதத்தில் கணக்கு வந்தது, நாவலைக் காணோம்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: அமைதியான இடம் கேட்டிருந்தாய், மறந்தே போனேன். கொடைக்கானல் வேண்டாம், மே மாதத்தில் அந்தப் பக்கமே போகாதே. ஏரியைச் சுற்றி நிற்கிற வண்டிகள் போடுகிற ஹார்னில் உன் குதிரைகள் மிரண்டுவிடும். பண்ணைக்காட்டிலேயே சாயங்காலம் பள்ளிக்கூடம் காலியாகத்தானே கிடக்கும்? வாட்ச்மேனைக் கேட்டுப் பார். கேட்கும்போது அவருக்கும் ஏதாவது கொடு.